எங்கள் தெரு எந்த வகை?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு கார் நுழைந்தால் எதிரே பைக் வர வழியில்லை. வரைபடச் செயலியை நம்பி வேன்கள் வந்து மாட்டிக்கொள்கின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருவின் வகையை நானே மாற்றலாமா?
– ஒரு வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: மாற்றலாம். 2004-இல் தொடங்கிய அந்த வரைபடத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம். ஆனால் முதலில் ஓட்டுநர்களைக் கேளுங்கள். அவர்கள் பார்ப்பது கூகுள் மேப் என்றால், இங்கே திருத்தினாலும் அங்கே ஒன்றும் மாறாது.

சாலையின் வகையைத் தீர்மானிப்பது அகலமோ பளபளப்போ அல்ல, போக்குவரத்தில் அதற்குள்ள வேலை. இந்திய வழக்கப்படி தேசிய நெடுஞ்சாலை 'டிரங்க்', மாநில நெடுஞ்சாலை 'பிரைமரி', மாவட்ட முக்கியச் சாலை 'செகண்டரி'. விழுப்புரம் சாலை குண்டும் குழியுமானாலும் அதன் வகை இறங்காது. வீடுகளுக்குப் போக மட்டுமே பயன்படும் தெரு 'ரெசிடென்ஷியல்'. யாரோ ஆர்வக்கோளாறில் உங்கள் தெருவை, 'செகண்டரி'க்கு அடுத்த படியான 'டெர்ஷியரி' ஆக்கியிருக்கக்கூடும். வழிகாட்டும் மென்பொருள் வகையைப் பார்த்தே வேகத்தைக் கணிப்பதால், மெயின் ரோட்டு நெரிசலைத் தவிர்க்க அதைக் குறுக்குவழியாகக் காட்டும். அப்படியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

வகை சரியாகவே இருந்தால் தொடாதீர்கள். டேப் பிடித்து அளந்து அகலத்தைச் சேருங்கள். ஒருவழி என்றால் அதையும் குறியுங்கள். பலகை இல்லாத இடத்தில் 'கனரக வாகனத்துக்குத் தடை' என்று நீங்களாக எழுதக்கூடாது. அதற்குப் போக்குவரத்துக் காவல்துறையிடம் மனுக் கொடுங்கள். பலகை வந்தபின் வரைபடத்தில் ஏற்றுங்கள்.