மார்ச்சில் நனையும் கார் ஷெட் சுவர்

கார் ஷெட் சுவரில் ஓதம் ஏறினால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். முதலில் சம்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின்) மூடியைத் திறந்து பாருங்கள்.

பெங்களூரில் நம் வீடுகளெல்லாம் ஒரே அச்சுதான்: 30க்கு 40 சைட், கிழக்கே பார்த்த வாசல், வாஸ்துப்படி ஈசானிய மூலையில் சம்ப், அதன் மேலேயே கார். காவிரித் தண்ணீர் தினமும் வராது; அதனால் சம்பை நிரப்பியே வைத்திருப்போம். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் பக்கத்து மண் ஊறும். ஊறிய மண்ணிலிருந்து சாலிட் பிளாக் சுவர் தண்ணீரை உறிஞ்சும்.

எங்கள் ராமமூர்த்தி நகர் வீட்டில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்தது. நகத்தால் கீறினால் ஈர மாவு போலப் புட்டி உதிரும். உள்ளே வெள்ளையாக உப்பு. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்த மூலையில் கறுப்புப் பூசணம். "பெங்களூர் மழை சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் பெயின்டிங் கான்ட்ராக்டர். 2022 செப்டம்பரில் ரெயின்போ டிரைவ் லேஅவுட் மழை வெள்ளத்தில் மூழ்கியதிலிருந்து எதற்கெடுத்தாலும் மழைதான் பதில். நம் ஊரில் மே மாதம் மழை பிடிக்கும், அப்புறம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வெளுத்துக் கட்டும். என் சுவர் நனைந்தது மார்ச்சில்! அதைச் சொன்னேன். காதில் வாங்காமல் உட்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், புட்டி, எமல்ஷன் என்று அடுக்கி, கேரண்டி கார்டும் கொடுத்துப் போனார்.

அந்த வேலைதான் என்னை மொட்டை அடித்தது. சுவருக்குள் வந்த ஈரம் ஆவியாக வழியில்லாமல் மேலே ஏறியது. முழங்காலில் நின்ற ஓதம் இடுப்பைத் தொட்டது. சிமென்ட் பூச்சு ஏடு ஏடாகப் பிளந்தது. கேட்டால், கேரண்டி பெயின்டுக்குத்தானாம், சுவருக்கு இல்லையாம்.

பெயின்டுக்கு முன் செய்ய வேண்டியது சம்ப் சோதனை. ராத்திரி சம்புக்கு வரும் வால்வை மூடி, மோட்டாரையும் போடாமல், குச்சி விட்டு நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. எங்களுடையது நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. சந்தேகம் தீரவில்லையா? பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் சுவரில் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் முத்துக் கட்டினால் சுவர் கசிகிறது. முன்பக்கம் முத்துக் கட்டினால் ஷெட்டில் காற்றோட்டம் போதவில்லை.

சம்பைக் காலி செய்து, தரையும் சுவரும் சேரும் மூலையைக் கொத்தி அடைத்து, குடிநீர்த் தொட்டிக்கென்றே விற்கும் கோட்டிங்கை அடித்தோம். அது சுலபம். சுவருக்குத்தான் பொறுமை வேண்டும். ஓதக் கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பூச்சைக் கொத்தியெடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பூசணத்துக்கு முகமூடி கட்டிக்கொண்டு பிளீச்சிங் கரைசல். அதோடு டாய்லெட் ஆசிடைச் சேர்த்தால் விஷவாயு கிளம்பும், ஜாக்கிரதை.

வெறும் பிளாக் தெரிய கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டேன். "பேசாம டைல்ஸ் ஒட்டிடுங்க மாமா" என்று நச்சரித்தான் மைத்துனன். டைல்ஸும் ஈரத்தை உள்ளே பூட்டத்தான் செய்யும். நான் மசியவில்லை. காய்ந்த பிறகு பூசி, சுண்ணாம்புதான் அடித்தேன். ஷட்டருக்கு மேல் ஜாலியும் வைத்தேன்.

இன்னொன்று. 2009 முதல் மழைநீர் சேகரிப்பு இங்கே கட்டாயம். 1200 சதுர அடி மனையில் புது வீடு கட்டினாலும் உண்டு. இடம் மிச்சம் என்று அதற்கான குழியை ஷெட் சுவரை ஒட்டியே தோண்டப் பார்ப்பார்கள். கூடுதல் பைப்புக்குக் காசு கொடுத்தாவது எதிர் மூலைக்குத் தள்ளச் சொல்லுங்கள்.