குரலுக்கு மரணம் உண்டா?

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



வெளிநாடுகளில் போனை எடுக்காவிட்டால், "நான் இப்போது இல்லை, செய்தியைச் சொல்லுங்கள்" என்று உரியவரின் குரலே பதில் சொல்லும். இதுதான் வாய்ஸ் மெயில். அவர் இறந்த பிறகும் அந்தக் குரல் அதையே சொல்லும். எத்தனை நாளைக்கு? நம் ஓசூர்ப் பக்கம் மிஸ்டு காலோடு சரி. ஆனாலும் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. எதையும் வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புவார். "இன்னிக்கு டபுள் ஷிப்டு, அம்மாவ சாப்பிட்டுட்டுப் படுக்கச் சொல்லு." அவ்வளவுதான், பதினைந்து விநாடி. சென்ற ஆண்டு அவர் காலமானார்.

குரல் எண்ணாவது எப்படி?

நம் பாடத்தில் படித்ததுதான். தொலைபேசி, பேச்சில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 8000 மாதிரி, மாதிரிக்கு 8 பிட், ஆக விநாடிக்கு 64,000 பிட். பதினைந்து விநாடிப் பேச்சுக்கு 1,20,000 பைட்.

ஜி.எஸ்.எம். இன்னும் சிக்கனம். 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டு, துண்டுக்கு 260 பிட், அதாவது விநாடிக்கு 13,000 பிட். இங்கே குரல் அப்படியே போவதில்லை. குரல் எழும் விதத்தைக் குறிக்கும் அளவுகள்தான் போகின்றன. கேட்பவரின் போன் அதைத் திரும்பக் கட்டுகிறது. உயிரோடு இருப்பவரின் குரலையும் நாம் அப்படித்தான் கேட்கிறோம்!

அது எங்கே இருக்கிறது?

வாய்ஸ் மெயில் நம் கைபேசியில் இல்லை, கம்பெனியின் கணினியில் இருக்கிறது. இணைப்பு போனால் அதுவும் போய்விடும். டிராய் விதிப்படி, ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்படாமல், கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் துண்டிக்கலாம். துண்டித்து 90 நாள் கழிந்தபின் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்திலும் இது பேசப்பட்டது.

எங்களுக்கு அந்த விதி தெரியாது. ரீசார்ஜ் செய்யவில்லை. அம்மா அவ்வப்போது அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்ப்பார். ஒருநாள் மணி அடித்தது. "யாரு?" என்றது ஒரு கன்னடக் குரல். தமிழிலும் அதே சொல்தான். அம்மா ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.

ஆனால் வாட்ஸ்அப் பேச்சு அப்படி இல்லை. அனுப்பியவரின் கணக்கு போனாலும், பெற்றவரின் போனில் இறங்கிய கோப்பு அங்கேயே இருக்கும். என் போனில் தேடினேன். மெமரி நிரம்பிவிட்டது என்று, அப்பா இருந்தபோதே பாதிக்கு மேல் நானே அழித்திருந்தேன். பதினொன்று மிஞ்சியிருந்தது.

உலகம் என்ன செய்தது?

எடிசன் 1877-ல் போனோகிராபைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அதன் பயன்களை எழுதியபோது, குடும்பத்தார் குரலையும் இறப்பவரின் கடைசிச் சொற்களையும் பதிந்து வைக்கலாம் என்றார்.

லண்டன் எம்பாங்க்மென்ட் ரயில் நிலையத்தில், இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பு ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் குரல். அவர் 2007-ல் இறந்தார். அவர் மனைவி அதைக் கேட்கவே அந்த நிலையத்துக்குப் போவார். 2012-ல் குரலை மாற்றிவிட்டார்கள். அவர் கேட்டுக்கொள்ள, 2013-ல் திரும்பப் போட்டார்கள்.

2024-ல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் பாட வைத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அந்த முறை சரி. ஆனால் அப்பா பேசாததை அவர் குரலில் கேட்க எனக்கு மனம் வராது. பேசியது போதும்.

நாம் என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப் குரல் கோப்புகள் 'ஓபஸ்' என்ற பெயரில் முடியும். அவற்றை மெமரி கார்டிலும் கணினியிலும், இரண்டு இடத்தில், நகல் எடுத்து வையுங்கள். போனைச் சுத்தம் செய்யும்முன் ஒருமுறை கேளுங்கள். அந்தப் பதினொன்றையும் நம் லேப் கணினியில் ஏற்றி, அம்மா போனிலும் போட்டுக் கொடுத்தேன்.

நண்பர்களே, நம்மில் பலருக்கு அப்பா, அம்மா எழுதிய கடிதம் ஒன்றும் இருக்காது. அவர்கள் குரல்தான் நமக்குக் கடிதம். இன்று இரவே நகல் எடுங்கள்!