லேண்ட்லைன்ல நம்பர் தெரியணுமா? காசை எடுக்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளுங்க!

"கைக்குக் கை செல்போன் இருக்கு, லேண்ட்லைன் எதுக்கு?"ன்னு கேக்கறவங்க வீட்டுல மாமனார், மாமியார் இல்லைன்னு அர்த்தம். ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கு இன்னிக்கும் மனப்பாடமா இருக்கறது அந்த ஒரு நம்பர்தான். பிரச்னை என்னன்னா, மணி அடிச்சா யாருன்னு தெரியாது. முட்டி வலியோட எழுந்து போய் எடுத்தா, "மேடம், பர்சனல் லோன் வேணுமா?"ம்பாங்க. கூப்பிடறது யாருன்னு எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா பாதி நடை மிச்சம்.

தங்கச்சிகளா, ஒண்ணை முதல்ல புரிஞ்சுக்கங்க. காலர் ஐடிங்கறது ரெண்டு பேர் சேர்ந்து செய்யற வேலை. எக்ஸ்சேஞ்ச் நம்பரை அனுப்பணும், நம்ம போன் அதைக் காட்டணும். எதுல கோளாறுன்னு தெரியாம புது போன் வாங்கறதுலதான் காசு வீணாகுது.

1. முதல்ல சோதனை

பக்கத்து வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ டிஸ்ப்ளே வெச்ச போன் இருந்தா பத்து நிமிஷம் இரவல் வாங்குங்க. உங்க லைன்ல செருகி, செல்போன்லேர்ந்து கூப்பிடுங்க. ரெண்டு மூணு ரிங் போகட்டும். நம்பர் தெரிஞ்சுதுன்னா வசதி ஏற்கெனவே ஆன்ல இருக்கு, யார்கிட்டயும் எழுதிக் கொடுக்க வேண்டாம். தெரியலைன்னா எக்ஸ்சேஞ்சைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அஞ்சாவது டிப்ஸைப் படிச்சுட்டு இன்னொரு தடவை பாருங்க.

2. கேக்கற விதமாக் கேளுங்க

ஒரு காலத்துல இந்த வசதிக்குன்னு தனி மாதக் கட்டணம் இருந்துச்சு. அப்போ வேண்டாம்னு விட்டவங்க லைன்ல அது இன்னும் ஆஃப்லயே கிடக்கலாம். வாடிக்கையாளர் சேவை மையத்துலயோ 198-லயோ பேசும்போது, "என் பிளான்ல சி.எல்.ஐ.பி. இலவசமா? இலவசம்னா ஆன் பண்ணுங்க"ன்னு ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க. சி.எல்.ஐ.பி.ங்கறது காலர் ஐடிக்கு அவங்க வெச்சிருக்கற பேரு. புகார் எண்ணைக் குறிச்சு வெச்சுக்கங்க. அடுத்த பில்லுல புதுசா ஏதாவது தொகை ஏறியிருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க.

கனெக்‌ஷன் இன்னும் காலமான தாத்தா பேர்லயே இருந்தா, முதல்ல பேர் மாத்தற வேலையை முடிங்க. எதைக் கேட்டுப் போனாலும் அது வந்து நிக்கும்.

3. போன் வாங்கினா அட்டைப்பெட்டியைப் படிங்க

நம்பரை அனுப்ப ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு டி.டி.எம்.எஃப். பட்டனை அமுக்கினா 'டிங் டிங்'னு கேக்குமே, அதே ஒலியில மணி அடிக்கறதுக்கு முன்னாடியே நம்பர் வந்துடும். இன்னொண்ணு எஃப்.எஸ்.கே. இதுல பெரும்பாலும் முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல வரும், கூடவே தேதியும் நேரமும் வரும். நம்ம நாட்டுல ரெண்டுமே புழக்கத்துல இருக்கு. அதனால பெட்டி மேல 'எஃப்.எஸ்.கே./டி.டி.எம்.எஃப்.'னு ரெண்டும் போட்டிருக்கற போனையே வாங்குங்க.

இதுலேர்ந்து ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கலாம். எஃப்.எஸ்.கே. லைன்னா முதல் ரிங்லயே பாய்ஞ்சு எடுக்காதீங்க, நம்பர் வந்து சேர்ந்திருக்காது. டி.டி.எம்.எஃப். லைன்னா போன்ல தேதியையும் நேரத்தையும் நாமதான் செட் பண்ணணும். இல்லைன்னா நேத்து வந்த மிஸ்டு கால், என்னைக்கோ வந்த மாதிரி காட்டும்.

அமெரிக்காவுலேர்ந்து சித்தி பையன் கார்ட்லெஸ் போன் கொண்டு வந்தா, சந்தோஷமா வாங்கிக்கங்க, ஆனா அவசரப்பட்டுச் செருகாதீங்க. அந்த ஊர் போன்கள் பொதுவா எஃப்.எஸ்.கே. முறைக்குன்னே செஞ்சது. அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும்னா நம்ம 230 வோல்ட் கரண்ட்ல கருகிடும்.

4. பழைய போனை மாத்த மனசில்லையா?

பாட்டிக்குப் பழகின போனைப் பிடுங்க வேண்டாம். காலர் ஐடி பெட்டின்னு தனியா ஒண்ணு உண்டு. சுவத்துலேர்ந்து வர்ற ஒயர் அதுக்குள்ள போய், அதுலேர்ந்து போனுக்குப் போகும். இப்போ புதுசா அதிகம் வர்றதில்லை. சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல, பழைய சாமான் கடையில தேடிப் பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி பேட்டரி மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா வேண்டாம்.

5. நம்பர் வரலைன்னா வரிசையா இதைப் பாருங்க

• பேட்டரி: டிஸ்ப்ளே மங்கலா இருந்தா முதல்ல பேட்டரியை மாத்துங்க.

• மத்த போன்கள்: ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணுன்னு பேரலல் போட்டிருந்தா எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே ஒரு போனை மட்டும் வெச்சுப் பாருங்க.

• ஸ்ப்ளிட்டர்: செம்புக் கம்பி பிராட்பேண்ட் இருக்கற வீட்டுல போன் ஒயர், ஸ்ப்ளிட்டர்ல 'போன்'னு எழுதின துளையில இருக்கணும். ஸ்ப்ளிட்டர் இல்லாம நேரா செருகினா இரைச்சல்ல நம்பர் சிதைஞ்சுடும்.

• ரோசட் பெட்டி: சுவத்துல ஒயர் வந்து சேர்ற சின்னப் பெட்டி. மழைக்காலத்துல உள்ளே திருகாணி பச்சைப் பிடிச்சுக்கும். பேசும்போது கரகரன்னு கேட்டா கோளாறு அங்கேதான் இருக்கலாம். லைன்மேன் வரும்போது அதைச் சுத்தம் பண்ணித் தரச் சொல்லுங்க.

6. ஃபைபர் வீட்டுக்கு

ஃபைபரோட வர்ற லேண்ட்லைன்ல காலர் ஐடி பெரும்பாலும் சேர்ந்தே வரும். மோடத்துக்குப் பின்னாடி 'டெல்' இல்லைன்னா 'போன்'னு போட்ட துளையில போனைச் செருகினா போதும், ஸ்ப்ளிட்டர் வேண்டாம். அப்பவும் நம்பர் வரலைன்னா, காலர் ஐடி முறையை மோடம் செட்டிங்ல மாத்த முடியுமான்னு டெக்னீஷியனைக் கேளுங்க. கரண்ட் போனா மோடமும் அணைஞ்சு போனும் செத்துடும். வயசானவங்க தனியா இருக்கற வீடுன்னா மோடத்தை இன்வெர்ட்டர் லைன்ல மாட்டுங்க.

7. நம்பரைப் படிக்கக் கத்துக்குடுங்க

ஒரு வெள்ளை அட்டையில பெரிய எழுத்துல எழுதி, போனுக்கு மேல ஒட்டுங்க: 044 சென்னை, 0422 கோவை, 0452 மதுரை, 0431 திருச்சி, 0462 திருநெல்வேலி. 00 போட்டுத் தொடங்கினா வெளிநாடு. 0065 சிங்கப்பூர், 00971 துபாய் பக்கம். 140-ல தொடங்கினா விளம்பரம், எழுந்திருக்கவே வேண்டாம். 1600-ல தொடங்கறது வங்கி, இன்ஷூரன்ஸ் மாதிரி இடங்களோட சேவை அழைப்புகளுக்குன்னு ஒதுக்கின வரிசை.

மிஸ்டு காலைத் திருப்பிக் கூப்பிடும்போது இன்னொண்ணு. 2021 ஜனவரி 15-லேர்ந்து லேண்ட்லைன்ல இருந்து செல்போனைக் கூப்பிட முன்னாடி 0 போடணும். டிஸ்ப்ளேல 10 இலக்கம் மட்டும் நின்னா, அப்படியே ரீடயல் அமுக்கினா போகாது. 0 சேர்த்து அடிக்கச் சொல்லுங்க.

8. நம்பரை மட்டும் நம்பாதீங்க

நம்பரைப் போலியாக் காட்டி ஏமாத்தற கும்பல் இருக்கு. டிஸ்ப்ளேல என்ன தெரிஞ்சாலும், "போலீஸ் பேசறோம், உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு", "ஓ.டி.பி. சொல்லுங்க"ன்னா அந்த நிமிஷமே போனை வெச்சுடணும். பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930-க்குப் பேசுங்க. விளம்பரத் தொல்லைக்கு உங்க லேண்ட்லைன்லேர்ந்தே 1909-ஐக் கூப்பிட்டுப் பதிவு பண்ணுங்க, அதுக்கும் காசு கிடையாது.

கடைசியா, வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. அடிக்கற போனை எடுக்காம விடறது மரியாதைக் குறைவுன்னு நினைக்கற தலைமுறை அது. "தெரியாத நம்பர்னா அடிச்சு ஓயட்டும்மா. வேணும்கறவங்க திரும்பக் கூப்பிடுவாங்க"ன்னு நாமதான் தைரியம் சொல்லணும்.