பஞ்சு வாங்கும் முன்

அன்புள்ள கதிர்,

டிசம்பரில் கேதார்கந்தா மலை ஏறப் போகிறாய், குளிர்ச்சட்டையை நீயே தைக்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். எந்தப் பஞ்சு வாங்குவது என்று கேட்டாயாமே.

பஞ்சுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உன் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டால் உப்புமே, அந்த உப்பலுக்குத்தான் நீ காசு கொடுக்கிறாய். வாத்து இறகு இதில் கெட்டி; நனைந்தால் மட்டும் நமத்த அப்பளம்தான். நனைந்தாலும் படுக்காத ஒன்றை 1980களில் அமெரிக்க ராணுவம் தேடியபோது பிறந்தது பிரிமாலாஃப்ட் என்ற செயற்கைப் பஞ்சு.

அதன் பெரும்பாலான வகைகள் துண்டு இழைகளால் ஆனவை. மெத்தென்று உடம்போடு விழும். ஆனால் இடையிடையே தையல் போடாவிட்டால் நகர்ந்துவிடும். கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் என்ற இன்னொரு பஞ்சு அறுபடாத நீள இழை. ஓரங்களில் பிடித்துத் தைத்தாலே நிற்கும். கொஞ்சம் விறைப்புதான், இருந்தாலும் முதல் சட்டைக்கு அதையே வாங்கு.

பட்டுத்தான் சொல்கிறேன். என் முதல் சட்டையில் தலையணைப் பஞ்சைத் திணித்தேன். இரண்டே துவைப்பில் அத்தனையும் கீழோரத்தில் உருண்டையாகச் சேர்ந்தது. அந்தப் பயத்தில் அடுத்ததை இரண்டு அங்குலக் கட்டங்களாகத் தைத்துத் தள்ளினேன். பார்க்கக் கடைச் சட்டை மாதிரியே இருந்தது. போட்டால், நூல் ஓடிய இடமெல்லாம் பஞ்சு நசுங்கி, முதுகில் கோடு கோடாகக் குளிர் இறங்கியது!

ஏபெக்ஸில் சதுர மீட்டருக்கு 67 கிராம் லேசான குளிருக்கு. 12,500 அடி மலையில், ராத்திரி கூடாரத்து வாசலில் உட்கார 133 எடு. ஏறும்போது அதைப் போடாதே, வியர்த்து நனைவாய். நடையில் போட போலார்டெக் ஆல்ஃபா என்று காற்றோட்டமான ஒன்று உண்டு. அது அடுத்த சட்டைக்கு.

மெஷின் கால் இழையில் மாட்டும். மேலே மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துவிடு. வெளித்துணியை உள்துணியைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டு, இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து பஞ்சை நெரிக்கும். அளவையும் உள்ளே போடும் கம்பளிச் சட்டையோடு எடு. அக்காவிடம் அளவு நாடா இருக்கிறது, வெட்டுவதற்கு முன் அளவுகளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தி