பத்து வயதில் ஒரு பரீட்சை

இங்கிலாந்தில் 163 கிரமர் பாடசாலைகள் இருக்கின்றன. எல்லாம் அரச நிதியில் நடப்பவை, கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே போக வேண்டுமென்றால் பிள்ளை பத்து வயதில், ஆறாம் ஆண்டு தொடங்கிய கையோடு, செப்டெம்பரில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். லெவன் பிளஸ் என்பது அதன் பெயர். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இப்படியான அரச பாடசாலை ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்திலும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றைத் தொடங்க முடியாது. இடம் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். லண்டனில் சட்டன், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ், பார்னட் போன்ற பகுதிகளுக்குக் கிட்ட இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை நாலாம் ஆண்டுக்கு வந்ததுமே இந்தக் கதை தொடங்கிவிடும். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை வாசலில் இரண்டு தாய்மார் சந்தித்தால் சுகம் விசாரித்த அடுத்த வசனம் இதுதான்: “உங்கட ஆளை எங்க ரியூசனுக்கு விடுறீங்கள்?”

என் மகளும் மகனும் இந்தப் பரீட்சையை எழுதியவர்கள். மகளுக்குக் கிரமரில் இடம் கிடைத்தது. மகனுக்குக் கிடைக்கவில்லை. அவன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பாடசாலைக்குப் போகிறான், நன்றாகப் படிக்கிறான். இரண்டு பேரோடும் மேசையில் இருந்து பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிள்ளையிடம் தங்கி நிற்கிற படிப்பைத்தான் இந்தப் பரீட்சையின் பெயரால் கொடுக்க வேண்டும். அதற்கு வெளியே உள்ள எதற்கும் அந்த வயதுப் பிள்ளையின் பின்னேரங்களைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.

முதல் வேலை பிள்ளையினுடையது அல்ல, பெற்றோருடையது. நாங்கள் ஊரில் எழுதிய ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் நாடு முழுவதற்கும் ஒரே நாளில் ஒரே பரீட்சை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் லெவன் பிளஸ் என்றால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. பக்கிங்ஹம்ஷயரில் மொழிவழித் தர்க்கம், உருவத் தர்க்கம், கணிதம் மூன்றும் வரும். 121 புள்ளி எடுத்தால் தகுதி. கென்டில் ஆங்கிலமும் கணிதமும் தர்க்கமும். சட்டன் பகுதிக் கிரமர் பாடசாலைகள் சேர்ந்து நடத்தும் முதற்கட்டப் பரீட்சையில் ஆங்கிலமும் கணிதமும் மட்டும்தான். அதில் தேறியவர்களை இரண்டாம் கட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். சட்டன் பாடசாலைகளை மட்டுமே மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு உருவத் தர்க்கப் புத்தகங்களை வாங்கி அடுக்குவதில் என்ன பயன்? ஒழுங்குகள் ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே அக்காவின் மகன் எழுதியது, நண்பியின் மகள் எழுதியது என்று போகாமல், உங்கள் பிள்ளை எழுதப்போகும் ஆண்டுக்கான அனுமதி விதிகளை அந்தந்தப் பாடசாலையின் இணையத்தளத்திலேயே வாசியுங்கள். பழைய புத்தகக் கடைகளில் செம் என்ற பரீட்சை நிறுவனத்தின் பெயரோடு பயிற்சிப் புத்தகங்கள் இன்னும் கிடைக்கும். அந்த நிறுவனம் தாள்வழிப் பரீட்சையைக் கைவிட்டுவிட்டது. அதை நடத்திய பாடசாலைகள் பலவும் ஜி.எல். என்ற நிறுவனத்தின் பரீட்சைக்கு மாறிவிட்டன. ஜி.எல். தன் மாதிரித் தாள்களை இலவசமாகவே போட்டிருக்கிறது. காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம்.

அதே விதிகளில் இன்னும் சில விடயங்கள் இருக்கும், எங்கள் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. வருமானம் குறைவாக இருந்து இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்குப் பல கிரமர் பாடசாலைகள் முன்னுரிமை கொடுக்கின்றன, சில இடங்களில் தகுதிப் புள்ளியைக்கூடக் குறைக்கின்றன. வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமல் விட வேண்டாம். வாசிப்பில் சிரமம், பார்வைக் குறைபாடு போன்றவை உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரமோ பெரிய எழுத்துத் தாளோ கேட்கலாம், ஆனால் பதிவு செய்யும்போதே சான்றுகளோடு கேட்க வேண்டும். பதிவு கோடைக்கு முன்னரே திறந்து, பல இடங்களில் பாடசாலை விடுமுறை விடும் காலத்திலேயே மூடிவிடும். பிள்ளை ஒகஸ்டில் பிறந்தவர் என்று கவலைப்படத் தேவையில்லை. பெரும்பாலான பரீட்சைகளில் வயதைக் கணக்கில் எடுத்துத்தான் புள்ளியைச் சீர்செய்கிறார்கள்.

இனி வாசிப்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. தடுக்குவது ஆங்கிலத்தில். பாடசாலையில் சரளமாகப் பேசுவார்கள், அதைப் பார்த்து நாங்கள் ஆறுதல் அடைந்துவிடுவோம். ஆனால் பரீட்சையில் வரும் பந்தி நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கிராமத்து வீட்டைப் பற்றியோ, கப்பல் பயணத்தைப் பற்றியோ இருக்கும். அந்த வீட்டின் பாகங்கள், அந்தத் தோட்டத்தின் செடிகள், அந்த மனிதர்களின் கோபதாபங்கள், இவற்றுக்கான சொற்கள் விளையாட்டு மைதானத்தில் கிடைக்காது. சொல் பட்டியலைப் பாடமாக்குவதாலும் வராது. மகளுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை ஒப்புவிப்பாள், அடுத்த கிழமை மறந்துவிடுவாள். கதைக்குள் கண்ட சொல்தான் நின்றது.

ஆகவே நூலகத்துக்குப் போனோம். ஒவ்வொரு கோடையிலும் இங்கே பொது நூலகங்களில் நாலு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புச் சவால் நடக்கும். இலவசம்தான். பிள்ளை தான் விரும்பியதை எடுக்கலாம், முடித்தால் பதக்கம் கிடைக்கும். அதில் தொடங்கி மெல்லப் பழைய நூல்களுக்கு வந்தோம். 1906இல் வந்த ‘த ரயில்வே சில்ட்ரன்’, 1911இல் வந்த ‘த சீக்ரெட் கார்டன்’ போன்றவை. முதல் அத்தியாயங்கள் கடினம். அதனால் அவற்றை நானோ கணவரோ சத்தமாக வாசித்தோம், மகள் கேட்டாள். கதை பிடித்த பிறகு தானே எடுத்துக்கொண்டு போனாள். மகனுக்கு இவை பிடிக்கவில்லை. அவன் கால்பந்து வீரர்களின் வாழ்க்கைக் கதைகளையும் பிள்ளைகளுக்கான செய்தி இதழ்களையும் வாசித்தான், அதுவும் வாசிப்புத்தான். வாசித்ததைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் கதைத்தோம். “அந்தப் பெடியன் ஏன் பொய் சொன்னவன் எண்டு நினைக்கிறாய்?” என்று கேட்டால் போதும். பந்தியில் நேரடியாகச் சொல்லாததை ஊகிக்கும் கேள்விகள் பரீட்சையிலும் வரும்.

சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் தமிழில்தான் கதைத்தோம். பரீட்சை ஆண்டு வந்ததும் வீட்டில் தமிழை நிறுத்தி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் நிறுத்தும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தை ரியூசனுக்குக் கொடுப்பார்கள். பரீட்சை முடிந்ததும் திரும்ப விடலாம் என்பார்கள், அநேகமாக அந்தப் பிள்ளை திரும்பி வருவதில்லை. தாய்க்குத் தெளிவான மொழியில் தாயோடு யோசித்துப் பழகிய பிள்ளை, அந்த யோசனையை ஆங்கிலத்திலும் எழுதும். ஒன்றை ஏன், எப்படி என்று அலசுகிற பழக்கம்தான் முக்கியம், அது எங்களுக்கு நன்றாக வரும் மொழியில்தான் எங்களால் கொடுக்க முடியும்.

கணிதத்தில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். விகிதமும் எளிய அட்சரகணிதமும் தேசியப் பாடத்திட்டத்தில் ஆறாம் ஆண்டுக்குரியவை. பரீட்சையோ ஆறாம் ஆண்டு தொடங்கியவுடன் வந்துவிடுகிறது. அதாவது பாடசாலை அவற்றைப் படிப்பிக்கும் முன்பே பிள்ளை எழுதப் போகிறது. பெரும்பாலான அரச ஆரம்பப் பாடசாலைகள் இந்தப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துவதும் இல்லை. ஆகவே ஐந்தாம் ஆண்டில் வீட்டில் கொஞ்சம் முன்னே போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் 12ஆம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் வர வேண்டும். பின்னம், தசமம், வீதம் மூன்றும் ஒன்றின் மூன்று முகங்கள் என்பது பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். மனக்கணக்குக்கு எங்கள் வீட்டில் உதவியது தாத்தாவோடு விளையாடிய முந்நூற்றிநாலு என்ற கடதாசி விளையாட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2. ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கு 304. பிடித்த கடதாசிகளை எண்ணி, எதிராளியிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று கணக்குப் பார்த்துப் பார்த்தே மகனுக்குக் கூட்டலும் கழித்தலும் வேகமாகின. கடையில் வாங்கிய எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும் அவன் அப்படி விரும்பிச் செய்ததில்லை.

பயிற்சித் தாள்களைப் பற்றி என் கருத்து கடுமையானது. எத்தனை தாள் செய்தோம் என்று பெருமைப்படுவதை விடுங்கள். ஒரு தாள் செய்தால், அதைச் செய்த நேரத்துக்குக் குறையாத நேரம் பிழைகளோடு இருக்க வேண்டும். ஒரு கணக்கு: 20 வீதம் விலை குறைத்த சட்டை இப்போது 24 பவுண். முதலில் என்ன விலை? பிள்ளைகள் பலர் 24இல் 20 வீதத்தைக் கூட்டி 28.80 என்று எழுதுவார்கள். சரியான விடை 30. நீங்கள் உடனே திருத்தினால் பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த முறையும் அதையே செய்யும். “இதை எப்பிடிச் செய்தனீ? சொல்லு பாப்பம்” என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பாதி இடத்தில் நிற்கும். “இல்லையம்மா, அந்த 20 வீதம் பழைய விலையில எல்லோ?” என்று தானாகக் கண்டுபிடித்த பிறகு அது மறக்காது.

பிழைகளும் ஒரே வகை இல்லை. தெரியாததால் வருவது, கேள்வியைச் சரியாக வாசிக்காததால் வருவது, நேரத்துக்குப் பயந்து வருவது என்று பிரித்துப் பாருங்கள். மகளுடைய பிழைகளில் அநேகம் இரண்டாவது வகை. ‘எது பொருந்தாது’ என்று கேட்டிருந்தால் பொருந்துவதைக் குறிப்பாள், சென்ரிமீற்றரில் கேட்டதற்கு மீற்றரில் எழுதுவாள். அவளுக்கு மேலதிகப் பாடம் தேவைப்படவில்லை, கேள்வியின் முக்கியமான சொல்லின் கீழ் கோடு போடும் பழக்கம்தான் தேவைப்பட்டது. நேரம் பார்த்துச் செய்யும் பயிற்சியை ஐந்தாம் ஆண்டின் கோடைக்கு முன் தொடங்க வேண்டாம். முதலில் சரியாகச் செய்யட்டும், வேகம் பிறகு வரும். பல்தேர்வுத் தாளுக்கு விடைத்தாள் தனியாக இருக்கும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது விடைத்தாளிலும் ஒரு வரி விட மறந்தால், அதற்குப் பிறகு எல்லாமே பிழையாகிவிடும். பென்சிலால் குறித்துப் பழகுவதை வீட்டிலேயே செய்து பாருங்கள்.

ரியூசன் கட்டாயமா என்று கேட்பார்கள். கட்டாயம் இல்லை. பெற்றோர் இருவருக்கும் நேரம் கிடைக்காத வீட்டில், இரவு வேலைக்குப் போகிற வீட்டில், நல்ல ஆசிரியர் ஒருவர் பெரிய துணை. ஆனால் அந்த இடத்தில் பிள்ளையின் பிழையை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மகன் போன ஒரு வகுப்பில் கிழமைக்குக் கிழமை பெயரையும் புள்ளியையும் வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவார்கள். தாள்கள் திருத்தப்பட்டு வரும், ஏன் பிழை என்ற ஒரு சொல்லும் இருக்காது. பட்டியலில் கீழே நின்ற கிழமைகளில் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. நாங்கள் அவனை அங்கிருந்து எடுத்துவிட்டோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் இடம் எத்தனையாவது என்று கிழமைதோறும் தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பரீட்சைக்கு முந்திய ஒகஸ்ட் மாதத்தையும் முழுதாகப் படிப்புக்குக் கொடுக்க வேண்டாம். காலையில் கொஞ்சம் படிக்கட்டும், மிச்ச நாள் பிள்ளையினுடையது. நாங்கள் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கும் போனோம், கடற்கரைக்கும் போனோம். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகம் திறக்கவில்லை. நேரத்துக்குப் படுக்கவைத்தோம், அவ்வளவுதான்.

இடைநிலைப் பாடசாலைக்கான விண்ணப்பப் படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாள் ஒக்டோபர் 31. அதற்கு முன் பரீட்சை முடிவை அறிவிக்க பாடசாலைகள் இயன்றவரை முயல வேண்டும் என்பது விதி. லண்டனில் ஆறு பாடசாலைகள் வரை வரிசைப்படுத்தலாம். எந்த இடத்தில் எழுதினீர்கள் என்பது பாடசாலைக்குத் தெரியாது. நீங்கள் தகுதி பெறும் பாடசாலைகளில் உங்கள் வரிசையில் மேலே இருப்பதுதான் தரப்படும். ஆகவே கிரமரை முதலில் எழுதினால் பக்கத்துப் பாடசாலை கைவிட்டுப் போகும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் ஆறிலும் கிரமரையே எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால், எங்கே இடம் மிச்சமோ அங்கேதான் அனுப்புவார்கள். தகுதிப் புள்ளி எடுத்த பிள்ளைக்கும் தூரத்தாலோ வரிசையாலோ இடம் கிடைக்காமல் போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

மகனுடைய பாடசாலை அந்தப் பட்டியலில் கடைசியாக ஏனோதானோவென்று எழுதியது அல்ல. பரீட்சைக்கு முன்னரே அவனோடு போய்ப் பார்த்தோம், அறிவியல் கூடமும் நூலகமும் அவனுக்குப் பிடித்திருந்தன. மார்ச் 1ஆம் திகதி முடிவு வந்தபோது தனக்குத் தெரிந்த, தான் விரும்பிய ஒரு இடத்துக்குத்தான் அவன் போனான். செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் பெரும்பாலான பாடசாலைகள் பெற்றோரை உள்ளே விட்டுக் காட்டும் பின்னேரங்களை வைக்கின்றன. கிரமர் பாடசாலைக்கு மட்டும் போய்விட்டு நின்றுவிடாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பாடசாலைக்கும் போங்கள், ஆசிரியர்களோடு கதையுங்கள், பிள்ளையை அங்கே கேள்வி கேட்க விடுங்கள்.