சிகிச்சை அறையில் ஒரு நாய்

கேள்வி: குழந்தைகளுக்கான விளையாட்டுச் சிகிச்சையில் நாயையும் சேர்த்துக்கொள்கிறார்களாமே, பலன் உண்டா?

பதில்: பல குழந்தைகளுக்கு உண்டு. இது தொடங்கியதே தற்செயலாகத்தான். நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சனிடம், யாரோடும் ஒட்டாமல் ஒடுங்கிப்போன ஒரு சிறுவனைத் தாய் அழைத்து வந்தார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அறையில் இருந்த ஜிங்கிள்ஸ் என்ற நாய் ஓடிப்போய் அவனை நக்கியது. சிறுவன் மிரளவில்லை, அதை அணைத்துக்கொண்டான். பதறி விலக்கப்போன தாயை லெவின்சன் தடுத்தார். அடுத்தடுத்து வந்தபோதும் நாயோடுதான் விளையாட்டு. அதன் மேல் வைத்த பாசம் மெல்ல அவர் பக்கமும் திரும்பியது.

1961-ல் உளவியலாளர்கள் மாநாட்டில் இதைச் சொன்னபோது கேலி செய்தவர்கள் உண்டு. அவர் விடவில்லை, 1962-ல் கட்டுரையும் 1969-ல் புத்தகமும் எழுதினார்.

நாயைச் சாக்கிட்டுக் குழந்தை மனம் திறக்கும். “நாய்க்கு ராத்திரி பயமா இருக்குமா?” என்று கேட்கும் குழந்தை, பெரும்பாலும் தன் பயத்தைத்தான் சொல்கிறது. நேரடியாகக் கேட்டால் வாய் திறக்காது.

வாசிப்புக்கும் நாய் துணையாகிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் தொடங்கிய திட்டத்தில், வாசிக்கத் திணறும் பிள்ளைகள் நாய்க்குப் படித்துக் காட்டுகிறார்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறினாலும் அது திருத்தாது, சிரிக்காது.

ஆனால் வீட்டு நாயைக் கூட்டிப்போனால் போதாது. குணம் சோதித்த, பயிற்சி பெற்ற, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய் வேண்டும். நடத்துபவர் தேர்ந்த சிகிச்சையாளராக இருக்கவேண்டும். நாய் முடி பட்டால் மூச்சிரைக்கும் குழந்தைக்கு இது வேண்டாம். நாய்க்கும் அலுப்பு வரும். அடிக்கடி கொட்டாவி விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை வெளியே விட்டுவிடுவதே சரி.