உள்ளம் அறியும் கல்வி

1904ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில் ஒரு குதிரையைக் காண மக்கள் திரள்திரளாகக் கூடினர். ஹான்ஸ் என்பது அதன் பெயர். கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஃபான் ஆஸ்டன் என்னும் முதியவர் அதற்குப் பல்லாண்டுகள் எண்ணும் எழுத்தும் கற்பித்து வந்தார். எட்டையும் மூன்றையும் கூட்டினால் யாது என்று வினவினால், அக்குதிரை தன் குளம்பால் நிலத்தைப் பதினொரு முறை தட்டிப் பின் அசையாது நிற்கும். ஆஸ்டன் காட்சிக்குக் கட்டணம் பெற்றிலர். ஆதலின் பொருள் ஈட்டுவதற்குச் செய்யும் சூது என்று அதனை ஒதுக்கவும் இயலவில்லை. உளநூற் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தது. குதிரைகளை நன்கு பழகியறிந்த படை அதிகாரி, கால்நடை மருத்துவர், சர்க்கஸ் நடத்துபவர், பள்ளி ஆசிரியர் முதலியோர் அதில் இருந்தனர். அவர்கள் பலவாறு சோதித்து, இதில் வஞ்சனை ஏதும் இல்லை என்று தீர்ப்பளித்தனர்.

ஸ்டும்பின் மாணாக்கராகிய ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் அத்துடன் அமைந்துவிடவில்லை. வினாவுக்குரிய விடையை வினவுபவரே அறியாதிருந்தால் என்ன நிகழும் என்று அவர் எண்ணினார். எண் எழுதிய அட்டையை, வினவுபவர் காணாதவாறு, குதிரைக்கு மட்டும் காட்டச் செய்தார். குதிரை தட்டியது, ஆனால் விடை பிழைத்தது. வினவுபவரைக் குதிரை காணாதபடி கண்ணை மறைத்தபோதும் அவ்வாறே ஆயிற்று. உண்மை மெல்ல வெளிப்பட்டது. வினவுபவர் வினாவை முடித்ததும் குளம்பைப் பார்ப்பதற்காகத் தலையைச் சிறிதே தாழ்த்துவார். குதிரை தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அவர் தலை மயிரிழையளவு நிமிரும், குதிரை நிறுத்திவிடும். அவ்வசைவை ஆஸ்டனும் அறியார், கூடியிருந்தோரும் அறியார். அதனைக் கண்டறிந்த ஃபுங்ஸ்டே தம் தலையசைவை அடக்க முயன்றும் முற்றும் அடக்க முடியாமற் போயிற்று. இவ்வாராய்ச்சியை அவர் 1907இல் நூலாக வெளியிட்டார்.

குதிரை கணக்கு அறிந்திலது. ஆயினும் மனிதரின் மெய்யை நன்கு படித்திருந்தது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகப் பிரித்து, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் திறத்தை ஆராய்ந்தது தமிழர் அறிந்ததே. உள்ளம் தன்னை அறியாமலே புறத்தே கசிகின்றது.

கல்லூரியில் உளநூல் பயிலப் புகும் இளைஞர்க்குத் தொடக்கத்திலேயே இக்குதிரையின் கதை கூறப்படுவதுண்டு. அவர்களுட் பலர் ஒரு விருப்பத்தோடு வருகின்றனர்: பிறர் முகத்தைப் பார்த்த அளவில் அவர் நினைப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அது. வீட்டாரும் அயலாரும், "நான் இப்பொழுது என்ன எண்ணுகின்றேன், சொல் பார்க்கலாம்" என்று கேட்டு நகைப்பர். அவ்வித்தையை எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. ஆராய்பவனின் விருப்பமே ஆராய்ச்சியின் விடையை வளைத்துவிடக் கூடும் என்பதே அங்கே கற்கும் முதற் பாடம்.

தமிழ்நாட்டில் இது பி.ஏ., பி.எஸ்ஸி. என்னும் இரு பெயர்களிலும் மூன்றாண்டுப் படிப்பாக உள்ளது. உணர்தல், கற்றல், நினைவு, குழந்தை வளரும் முறை, மக்கள் கூட்டத்தின் இயல்பு, உளக்கோளாறுகள், ஆற்றுப்படுத்தல் எனப் பாடங்கள் விரியும். புள்ளியியலும் உண்டு. கணக்குக்கு அஞ்சி இத்துறையைத் தேர்ந்து வந்தவர் இதனைக் கண்டு திகைப்பது ஆண்டுதோறும் நிகழ்வது. ஆயினும் நூறு பேரிடம் காணப்பட்ட ஒரு வேறுபாடு தற்செயலாய் நேர்ந்ததா, மெய்யாகவே உள்ளதா என்று தெளிய வேறு வழி இல்லை.

1879இல் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளநூலுக்கென ஆய்வுக்கூடம் நிறுவினார். இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இல் இதற்கெனத் தனித்துறை கண்டது; 1924இல் மைசூரும், 1943இல் சென்னையும் பின்தொடர்ந்தன.

ஆய்வுக்கூடத்தில் மாணவர் இருவர் இருவராக அமர்வர்; ஒருவர் சோதிப்பவர், மற்றவர் சோதனைக்கு உட்படுபவர். விண்மீன் வடிவம் வரைந்த தாளைத் திரையால் மறைத்து, எதிரே உள்ள கண்ணாடியில் அதன் சாயலை மட்டும் பார்த்துக்கொண்டே கோட்டின்மேல் பென்சிலை நடத்த வேண்டும். எளிது என்று தொடங்குபவன் கை முதல் மூலையிலேயே எதிர்த் திசையில் ஓடும். பத்தாம் முறை வரையும்போது பிழைகள் மிகவும் குறைந்திருக்கும். வலக்கையால் பழகியது, பழகாத இடக்கைக்கும் ஓரளவு வந்திருக்கும். இதனை நூலிற் படிப்பது வேறு. தன் கையே தன் சொல்லைக் கேளாத வியப்பை நேரில் உணர்வது வேறு. ஒரே நீளமுள்ள இரு கோடுகள், முனைகளில் இட்ட அம்புக்குறிகளால் நீண்டும் குறுகியும் தோன்றும் படமும் அங்கு உண்டு. அளவுகோலால் அளந்து சமம் என்று அறிந்த பின்னும் கண் அதனை ஒப்புக்கொள்வதில்லை.

பள்ளி மாணவர்க்கும் பயன்படும் ஆராய்ச்சி ஒன்று ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் செய்தது. பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாகத் தாமே நெட்டுருச் செய்து, மறதியை அளந்தார். கற்ற ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி நழுவியது. மீண்டும் கற்க முன்பட்ட உழைப்பில் பாதிக்கு மேல் வேண்டியிருந்தது. ஒரு நாள் கழிந்தபின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உழைப்பு வேண்டியிருந்தது. அதன்பின் மறதியின் வேகம் தணிந்தது. ஒரு திங்கள் சென்றபின்னும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சி நின்றது. ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களில் பகுத்து 38 முறை ஓதியே பெறலாம் என்றும் அவர் கண்டார். 1885இல் வெளிவந்த இம்முடிவு, தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் விழித்திருப்போர் செவியில் இன்னும் ஏறவில்லை.

இனி, ஆற்றுப்படுத்தல். பரிசில் பெற்று மீண்ட பாணன், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி காட்டுவது பழந்தமிழ் ஆற்றுப்படை. அப்பெயரையே துன்புற்றார்க்குத் துணை நிற்கும் இக்காலக் கலைக்கும் இட்டனர். இலங்கைத் தமிழர் இதனை உளவளத்துணை என்பர். பெயர் அழகியதே, எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுப்படையில் வழி சொல்பவன் தான் சென்ற வழியைச் சொல்கின்றான். இக்கலையிலோ, வந்தவர் தமக்குரிய வழியைத் தாமே காணும்வரை உடனிருப்பதே கடமை.

இதனை வற்புறுத்தியவருள் தலையாயவர் அமெரிக்கராகிய கார்ல் ராஜர்ஸ். 1902இல் பிறந்த அவர், ராச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தைகளுக்காகத் தொண்டாற்றினார். அங்கே அடங்காத சிறுவன் ஒருவனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். தாய் அம்மகனைப் பிஞ்சுப் பருவத்திலேயே வெறுத்து ஒதுக்கியதே குறைக்குக் காரணம் என்று ராஜர்ஸ் முடிவு செய்திருந்தார். அம்முடிவை அந்த அம்மையார் உணரும்படி செய்ய, வாரந்தோறும் நயமாக முயன்றார். பயன் இல்லை. இறுதியில், முயற்சி தோற்றது, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அம்மையாரும் இசைந்து எழுந்தார். வாயில்வரை சென்றவர் திரும்பி, இங்குப் பெரியவர்களுக்கும் துணை புரிவதுண்டா என்று வினவினார். உண்டு என்றதும் மீண்டும் வந்து அமர்ந்து, கணவரோடு தமக்குள்ள பிணக்கையும் தம் மனமுறிவையும் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் சொல்லிவந்த ஒழுங்கான வரலாற்றில் இவற்றுள் ஒன்றும் இல்லை. எங்கே நோகின்றது என்பது வந்தவருக்கே தெரியும் என்று ராஜர்ஸ் அன்று உணர்ந்தார். தம் நூலிலும் இத்தோல்வியை மறையாது எழுதினார். அம்மகனும் பின்னர்த் திருந்தினான்.

தேர்வில் தோற்ற மாணவன் ஒருவன் வந்து, "வீட்டிற்குப் போகவே கால் எழவில்லை" என்கின்றான் எனக் கொள்க. "இதற்கா வருந்துவது? எத்தனையோ பேர் தோற்றுப் பின் வென்றுள்ளனர்" என்பார் ஒருவர். "நான் சொல்வதைக் கேள், நாளையே மறுதேர்வுக்கு விண்ணப்பம் செய்" என்பார் மற்றொருவர். இருவரும் நல்லவரே, அறிவுரையும் தவறன்று. ஆனால் மாணவன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். "தோல்வியைக் காட்டிலும் வீட்டை நினைத்தே மிகவும் கலங்குகின்றாய் போலும்" என்று மூன்றாமவர் கூறி, பின் வாளாவிருக்கின்றார். சிறிது நேரம் சென்று அவன், "அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டினார். கடன்காரர் நேற்றும் வந்து நின்றார்" என்கின்றான். முன்னிருவர் செவிக்கும் எட்டாத செய்தி இது. தேர்வைப் பற்றி மட்டும் பேசியிருந்தால், கடன் பேச்சிலேயே வந்திராது.

கேட்டதைக் காப்பதும் இக்கல்வியின் பகுதி. உளநலச் சிகிச்சை பெறுவோரின் செய்தி மறைவாகக் காக்கப்படுதல் அவர்தம் உரிமை என 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் உயிருக்கு இடர் நேரும் எனத் தோன்றின், தக்காரிடம் உடனே சொல்லியாக வேண்டும். "யாரிடமும் சொல்லேன்" என்று முன்னரே சத்தியம் செய்துவிட்டுப் பின்னர்த் திகைக்கும் நண்பர் பலர். அத்தகைய சத்தியத்தைச் செய்யாதிருக்கவே மாணவர் பயிற்றப்படுகின்றனர்.

மூன்றாண்டுப் பட்டம் ஒருவரை மனநல மருத்துவர் ஆக்கிவிடாது. மருந்து எழுதித் தருவோர் மருத்துவக் கல்வி கற்றவர். உளச் சிகிச்சை செய்வோர் மேற்படிப்பும், மூத்தோர் மேற்பார்வையில் நீண்ட பயிற்சியும் பெற்றவர். பட்டம் பெற்ற இளைஞர் தம் எல்லையை அறிந்து, துன்புற்றவரை உரியவரிடம் சேர்ப்பிக்க வல்லவரானால் அதுவே பெரிது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசித் துணையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி எவரும் அழைக்கலாம்.

ஆற்றுப்படுத்தற் பயிற்சியில் மாணவர் மூவர் மூவராக அமர்வதுண்டு. ஒருவர் தம் கவலை ஒன்றைச் சொல்வார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் கடிகாரத்தோடு தள்ளியிருந்து, கேட்பவர் எத்தனை முறை குறுக்கிட்டார், எத்தனை முறை அறிவுரை கூறினார், அமைதி நிலவியபோது எத்தனை நொடியில் பொறுமை இழந்தார் என்று குறிப்பார். முதல் நாளில், நல்ல உள்ளம் படைத்த மாணவரின் பெயருக்கு நேரேதான் கோடுகள் மிகுதியாக விழும். துன்பத்தைக் கண்டதும் துடைத்துவிடத் துடிப்பவர் அவரே. தாளைக் கண்டு அவர் நாணுகின்றார். மறு வாரம் மீண்டும் அமர்கின்றார். வாய்வரை வந்த சொல்லை ஒருமுறை விழுங்குகின்றார். எதிரே இருப்பவர் சற்றுத் தயங்கி, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குகின்றார்.